ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: எது உறவு, எது வெறும் ஜாடை?

கார்டியாலஜி, நெஃப்ராலஜி, நியூராலஜி, ஹெமட்டாலஜி. வேலூரில் வளர்ந்தவர்கள் இந்தச் சொற்களைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டிருப்பார்கள். 1900-இல் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதைச் சுற்றி லாட்ஜ், மெடிக்கல் ஷாப், ஆட்டோ என்று பிழைப்பவர்கள் ஏராளம். இருந்தாலும் நெஃப்ரோ என்றால் என்ன, நியூரோ என்றால் என்ன, நியோ என்றால் என்ன என்று தனித்தனியாகக் கேட்டால் நம்மில் பலர் தடுமாறுவோம். மூன்றுமே ஆங்கிலத்தில் என், இ என்ற அதே இரண்டு எழுத்துகளில் தொடங்குகின்றன. அவசரத்தில் ஒரு பலகையைப் பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆங்கிலத்தில் நீளமான சொல் ஒன்றைப் பார்த்தால் அதன் தலைப்பகுதியைப் பிடியுங்கள், பொருளில் பாதி கைக்கு வந்துவிடும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்தத் தலைப்பகுதிக்கு இலக்கணத்தில் முன்னொட்டு என்று பெயர். சில சொற்களில் முன்னால் நிற்பது முன்னொட்டாக இல்லாமல் வேர்ச்சொல்லாகவே இருக்கும். தொடக்கத்தில் அந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறொன்று. தலை ஒன்றுபோல இருப்பதாலேயே சொற்கள் சொந்தமாகிவிடாது. சிலது ஒரே வீட்டுப் பிள்ளைகள். சிலது வெறும் ஜாடை. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மூன்றையும் முடித்துவிடலாம். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் எடுத்துச் செய்தவை. கிரேக்கத்தில் நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம், நியூரான் என்றால் நரம்பு, நியோஸ் என்றால் புதியது. கடைசியில் வரும் 'லஜி' அந்தத் துறையைப் பற்றிய படிப்பு. ஆகவே நெஃப்ராலஜி சிறுநீரகத்துக்கு, நியூராலஜி நரம்புக்கும் மூளைக்கும். 1971-இல் சி.எம்.சி.யில் செய்த சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நெஃப்ராலஜியின் பக்கம். நியோநேட்டாலஜியில் இரண்டு துண்டு இருக்கிறது: நியோ, புதிது, நேட், பிறந்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தை, அதாவது முதல் 28 நாள் குழந்தை. 'ஐட்டிஸ்' என்று சொல் முடிந்தால் அழற்சி என்று பொருள். இப்போது நெஃப்ரைட்டிஸ், நியூரைட்டிஸ் இரண்டையும் நீங்களே பிரித்துவிடலாம்: ஒன்று சிறுநீரக அழற்சி, மற்றது நரம்பு அழற்சி.

அந்த 'நேட்' என்ற துண்டை ஞாபகத்தில் வையுங்கள். திரும்ப வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஜோடி ஹைப்பர், ஹைப்போ. ஒன்று மேலே, அளவுக்கு அதிகம். மற்றது கீழே, அளவுக்குக் குறைவு. ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே: எச், ஒய், பி. அதற்கு அப்புறம் இ, ஆர் வந்தால் அதிகம்; ஓ வந்தால் குறைவு. பொருளோ நேர் எதிர். ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் தாழ் ரத்த அழுத்தம். ஹைப்பர்கிளைசீமியா சுகர் ஏறியது, ஹைப்போகிளைசீமியா சுகர் இறங்கியது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுகர் விஷயத்தில் இந்த ஒரு துண்டு உயிர் சம்பந்தப்பட்டது. ஆஸ்பத்திரியில் 'பேஷன்ட் ஹைப்போ ஆயிட்டாரு' என்று நர்ஸ் சொன்னால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டு அந்த நேரத்தில் இன்சுலின் போட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறவர்கள் வேறு எந்த ஆங்கிலச் சொல்லைக் கற்காவிட்டாலும் இந்த இரண்டையும் கற்றே ஆக வேண்டும். தைராய்டிலும் இதே கதை. ஹைப்போதைராய்டு என்றால் சுரப்பு குறைவு. உடம்பு மந்தமாகும், எடை கூடும். ஹைப்பர்தைராய்டு என்றால் சுரப்பு அதிகம்; படபடப்பு வரும், எடை குறையும். எடை கூடுவதால் 'ஹைப்பர்' என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. முன்னொட்டு சுட்டுவது சுரப்பின் அளவை, உடம்பின் அளவை அல்ல.

ஹைப்போ மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் ஹைப்பாட்டனியூஸ், நம் கர்ணம், அதே ஹைப்போதான். செங்கோணத்துக்கு எதிரே, அதற்குக் கீழே நீட்டிக் கட்டிய கோடு என்பது கிரேக்கப் பொருள். 'டெனியூஸ்' என்ற பகுதிக்கு நீட்டுதல், இழுத்தல் என்று அர்த்தம். ஹைப்போடென்ஷனில் இருக்கும் 'டென்ஷன்' அதே வேரின் லத்தீன் பக்கத்து உறவு. கணக்குப் புத்தகமும் பிபி மிஷினும் இப்படி ஒரு இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. ஹைப்பாதெசிஸ் என்ற சொல்லும் அப்படியே: ஒரு வாதத்துக்கு அடியில் வைத்த அடிப்படை. ஆனால் நீர்யானையின் பெயரில் இருக்கும் ஹிப்போ வேறு. அங்கே ஒய் இல்லை, ஐ இருக்கிறது, பி இரண்டு. கிரேக்கத்தில் அதற்குக் குதிரை என்று பொருள். நீர்யானை அவர்களுக்கு ஆற்றுக்குதிரை.

அடுத்து ஆன்டி. தமிழில் எழுதும்போது இரண்டு ஆன்டியும் ஒன்றாகிவிடுகின்றன, அதனால் கூடுதல் கவனம் வேண்டும். ஆன்டிபயாட்டிக்கில் இருப்பது கிரேக்க ஆன்டி. கடைசி எழுத்து ஐ. எதிரானது என்று பொருள். கிருமிக்கு எதிரான மருந்து. ஆன்டிநேட்டலில் இருப்பது லத்தீன் ஆன்டி. கடைசி எழுத்து இ. முன்னால் என்று பொருள். நேட் என்பது பிறப்பு என்று பார்த்தோம். ஆகவே ஆன்டிநேட்டல் என்பது பிரசவத்துக்கு முந்தைய காலம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'ஏ.என். மதர்' என்று சொல்வார்களே, கர்ப்பிணித் தாய்மார்களைத்தான், அந்த ஏ.என். இந்தச் சொல்லின் சுருக்கம். பிரசவத்துக்குப் பிறகு போஸ்ட்நேட்டல், பி.என். மதர். பிறப்புக்கு எதிரானது என்று யாரும் படித்துவிடக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆன்டிசிபேட் என்ற சொல், முன்கூட்டியே எதிர்பார்ப்பது. அதை எழுதும்போது ஐ போட்டுத்தான் எழுதுகிறோம். வேர் என்னவோ லத்தீன் 'முன்னால்'தான். முன்னாலேயே பிடித்துக்கொள்வது என்பது பழைய பொருள். எழுத்துக்கூட்டை மட்டும் நம்பினால் இந்த மாதிரி இடத்தில் ஏமாறுவோம். அப்போது பொருளைக் கேட்க வேண்டும்: 'எதிர்' பொருந்துகிறதா, 'முன்' பொருந்துகிறதா?

இன்டர், இன்ட்ரா இரண்டையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். இன்டர் என்றால் இரண்டுக்கு இடையில். காட்பாடி வழியாகப் போகும் இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் ஒரு நகரத்துக்கும் இன்னொரு நகரத்துக்கும் இடையே ஓடுகிறது. இன்ட்ரா என்றால் ஒன்றின் உள்ளேயே, ஐ.வி. போடுவது என்கிறோமே, அது இன்ட்ராவீனஸ், சிரைக்குள்ளே.

இப்போது 'இன்'. இது எனக்குப் பிடித்த பகுதி. ஒரே இரண்டு எழுத்து, ஆனால் உண்மையில் இரண்டு வெவ்வேறு முன்னொட்டுகள். ஒரு 'இன்' இல்லை என்கிறது: இன்விசிபிள், கண்ணுக்குத் தெரியாதது. இன்னொரு 'இன்' உள்ளே என்கிறது: இன்ஜெக்ட், உள்ளே எறிவது, செலுத்துவது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். முதல் வகை 'இன்' என்று நினைத்துப் படித்தால் 'தீப்பிடிக்காதது' என்று வந்துவிடும். உண்மை அதற்கு நேர் மாறு. அது இரண்டாம் வகை. உள்ளே தீ புகுந்து பற்றிக்கொள்ளக் கூடியது என்று பொருள். இந்தக் குழப்பம் ஆபத்தானது என்பதால்தான் 20-ஆம் நூற்றாண்டில் 'இன்' இல்லாமல் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொல்லித் தீ விபத்துத் தடுப்புத் துறையினர் வற்புறுத்தினார்கள். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். இன்ஃப்ளேமேஷன், அதாவது அழற்சி, அதே வேர். தமிழிலும் அழல் என்றால் நெருப்பு என்பதைக் கவனியுங்கள்.

முதல் வகை 'இன்'னுக்கு அழகான உதாரணம் இன்ஃபென்ட், கைக்குழந்தை. லத்தீனில் 'பேசாதது' என்று அர்த்தம். பிற்பாடு அந்தச் சொல் வளர்ந்து, இத்தாலிய மொழியில் இளைஞன், சேவகன், காலாட்படை வீரன் என்றெல்லாம் விரிந்தது. அதிலிருந்துதான் இன்ஃபென்ட்ரி, காலாட்படை. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் மதராஸ் நேட்டிவ் இன்ஃபென்ட்ரியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயரை இப்போது பிரித்துப் பாருங்கள். நேட்டிவ்: நேட், பிறப்பு, அந்த மண்ணில் பிறந்தவர். இன்ஃபென்ட்ரி: பேசாத பிள்ளையில் தொடங்கிய சொல். நியோநேட்டல் வார்டுக்கும் கோட்டைச் சிப்பாய்க்கும் ஒரே வேர். அந்த எழுச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ரிபெல் என்ற சொல்லில் 'ரி' திரும்பவும், 'பெல்' போர். அடங்கியவர்கள் திரும்பவும் போருக்கு எழுவது. ரிவோல்ட்டில் 'ரி' அதேதான், திரும்பிக்கொள்வது, புரண்டெழுவது.

இந்த 'இன்' எல்லா இடத்திலும் இன்னாகவே நிற்பதில்லை. பி, எம் முன்னால் வந்தால் இம் ஆகும்: இம்பாசிபிள். எல் முன்னால் இல் ஆகும்: இல்லீகல். ஆர் முன்னால் இர் ஆகும்: இர்ரெகுலர். மனப்பாடம் செய்ய வேண்டிய விதி போலத் தெரியலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிதே அல்ல. மரம் என்பதோடு கள் சேர்த்தால் மரம்கள் என்று சொல்வதில்லை, மரங்கள் என்கிறோம். அடுத்து வரும் 'க' வாயில் எங்கே பிறக்கிறதோ, அந்த இடத்துக்கு 'ம்' நகர்ந்து 'ங்' ஆகிறது. லத்தீன்காரர்கள் வாயும் நம் வாய் மாதிரிதான். 'இன்' அடுத்த எழுத்துக்கு வசதியாக மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

'கூட, ஒன்றாக' என்று பொருள்படும் 'கான்' முன்னொட்டும் இதே மாதிரி உரு மாறும். கனெக்ட், கம்பைன், கலெக்ட், கரெக்ட் என்று நான்கு வேடத்தில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. கலெக்டர் என்றால் ஒன்றாகச் சேர்ப்பவர். சேர்த்தது வரி. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அந்தப் பதவியை உண்டாக்கியபோது அதுதான் முதல் வேலை. 1911-இல் வேலூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் ஆனது. அன்றிலிருந்து நம் ஊர் மனுக்கள் போய்ச் சேருவது இங்கேயே இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குத்தான். வரி என்ற பொருள் பின்னால் போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

குழந்தை மருத்துவத்துக்கு வருவோம். பீடியாட்ரிக்ஸில் முதல் துண்டு கிரேக்கம். குழந்தை என்று பொருள். பெடஸ்ட்ரியன், பெடல், பெடிக்யூர் இவற்றில் இருப்பது லத்தீன். பாதம் என்று பொருள். நடக்கிறவர், காலால் மிதிப்பது, பாதத்துக்குப் பராமரிப்பு. பிரிட்டிஷ் முறையில் எழுதினால் குழப்பம் இல்லை. குழந்தைக்கு பி, ஏ, இ, டி, பாதத்துக்கு பி, இ, டி. அமெரிக்க முறையில் அந்த ஏ-வை விட்டுவிடுகிறார்கள், அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என் கருத்தில் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டுதான் நல்லது. வேர் வெளியே தெரிகிறது. ரத்தத்தைக் குறிக்கும் 'ஹீம்' விஷயத்திலும் அப்படியே. ஹீமோகுளோபின், ஹெமட்டாலஜி ரெண்டும் ஏ, இ சேர்த்து எழுதும் ரத்தம். ஹெமிஸ்ஃபியர், ஹெமிபிளீஜியா ரெண்டும் 'பாதி'. அரைக்கோளம், உடம்பின் ஒரு பாதி செயலிழக்கும் பக்கவாதம்.

ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறது. ஆர்த்தோ என்றால் நேரானது. 1741-இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் குழந்தைகளின் உடல் கோணல்களைச் சரிசெய்வது பற்றி எழுதிய நூலுக்காக இந்தப் பெயரை உண்டாக்கினார். வளைந்த இளமரத்தைக் கம்போடு சேர்த்துக் கட்டிய படம் அந்த நூலில் உண்டு. எலும்பு மருத்துவத்தின் சின்னமாக அதை இன்றும் பார்க்கலாம். இன்று ஆர்த்தோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டிவலிக்கார ஆயாக்கள். ஆனால் 'நேராக்குவது' என்ற பொருளுக்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பேன். தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநார் ஒன்றை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் இங்கேதான் செய்யத் தொடங்கினார். பிச்சைக்கு மட்டும் நீண்ட கைகள் வேலை செய்யத் தொடங்கின. ஆர்த்தோ என்ற சொல்லுக்கு அதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, புதிய சொல் ஒன்றைப் பார்த்ததும் உறவா ஜாடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலையை மாற்றிப் பாருங்கள். இம்போர்ட்டில் 'இம்' எடுத்துவிட்டு வேறு தலை வையுங்கள்: எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், ரிப்போர்ட், சப்போர்ட். உடல் எங்கும் நிற்கிறது. 'போர்ட்' என்றால் சுமப்பது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் எக்ஸ்போர்ட் என்றால் வெளியே சுமந்து போவது. உடல் இப்படித் தனியாக நின்றால், வெட்டிய இடம் சரியான இடம். டெலஸ்கோப்பையும் வெட்டிப் பார்க்கலாம். டெலி, தொலைவு, ஸ்கோப், பார்ப்பது. தலையை மாற்றினால் மைக்ரோஸ்கோப், எண்டோஸ்கோப், ஸ்டெதஸ்கோப். உடலை மாற்றினால் டெலிஃபோன், டெலிவிஷன். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பும், டாக்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பும் வால் பக்கத்தில் சொந்தம். ஸ்டெத் என்றால் மார்பு.

வெட்டினால் மிச்சம் ஒன்றும் தேறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். கார்டியாக், கார்டியோகிராம் என்ற வரிசையில் கார்டமம், நம் ஏலக்காய், எழுத்தளவில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இதயத்தோடு அதற்கு உறவில்லை. 'கார்ட்' எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் துண்டு இந்த வரிசையில் வேறெங்கும் வருவதில்லை. கார்டிகன் என்ற கம்பளிச் சட்டை ஒரு பிரிட்டிஷ் பிரபுவின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. ஆஸ்ட்ரானமி, ஆஸ்டிராய்டு இரண்டும் விண்மீன் குடும்பம். ஆஸ்துமா இல்லை, அது மூச்சிரைப்புக்கான வேறொரு கிரேக்கச் சொல். சில நேரம் உச்சரிப்பே காட்டிக்கொடுக்கும். யு, என், ஐ என்று தொடங்கும் யூனிஃபார்ம், யூனியன் எல்லாம் 'ஒன்று'. அதே மூன்று எழுத்தில் தொடங்கும் அன்இம்பார்ட்டன்ட்டை யாரும் யூனிம்பார்ட்டன்ட் என்று படிப்பதில்லை. அங்கே தலை 'அன்' மட்டும், இல்லை என்று பொருள்.

பழகிப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் கிடக்கும் பழைய லேப் ரிப்போர்ட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் சம்மரியில் ஹைப்போநேட்ரீமியா என்று அடிக்கடி வரும். ஹைப்போ, குறைவு. கடைசியில் 'ஈமியா', ரத்தத்தில். ஹீம் என்பதன் எச் விழுந்துபோன வடிவம், அனீமியாவில் இருக்கிறதே, அதே. நடுவில் 'நேட்' தெரிகிறது, உடனே பிறப்பு என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள், அங்கே ஒரு ஆர் கூட இருக்கிறது. நேட்ரியம், சோடியத்தின் லத்தீன் பெயர். ரிப்போர்ட்டில் சோடியத்துக்கு என், ஏ என்று எழுதுவது அதனால்தான். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. அதன் பக்கத்திலேயே கே என்ற எழுத்தில் பொட்டாசியத்தின் அளவு இருக்கும். அதன் லத்தீன் பெயர் கேலியம். இனி ஹைப்பர்கேலீமியா என்ற சொல்லை நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.